முப்பது போர்டுக்கு ஒரே கார்டு!

கணினி மூலை

கம்ப்யூட்டர் என்றால் மானிட்டரும் கீபோர்டும் மட்டும்தான்னு நினைக்காதீங்க. ஏ.டி.எம். கார்டு அளவுள்ள ஒரே போர்டில் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர்களும் உண்டு. 2013-ல் வந்த 'பீகிள்போன் பிளாக்' அவற்றில் ஒன்று. அதன் உள்நினைவகத்தில் மென்பொருளைத் தானாக ஏற்றுவது எப்படி? இன்று அதைப் படிப்போம்.

இ.எம்.எம்.சி. என்றால் என்ன?

போர்டிலேயே பற்றவைத்த நினைவகச் சிப் இது. ஃபிளாஷ் நினைவகமும் அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலரும் ஒரே சிப்புக்குள் இருக்கும். பீகிள்போன் பிளாக்கில் முதலில் 2 ஜி.பி. இருந்தது. 2014-ல் வந்த 'சி' திருத்தத்தில் 4 ஜி.பி. ஆனது. மெமரி கார்டு போல இது கழன்று விழாது. ஆனால் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டு எழுதவும் முடியாது. போர்டு தானேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏன் தானாகச் செய்யணும்?

ஒரு லேபில் 30 போர்டு இருக்குன்னு வைங்க. ஒவ்வொன்றிலும் கட்டளைகளைக் கையால் அடித்தால் எங்காவது ஒரு எழுத்து மாறும். எழுதும் கட்டளையான 'டிடி' எதையும் திருப்பிக் கேட்காது. இடம் மாற்றிச் சொன்னால் நல்ல டிஸ்கையும் அழித்துவிடும். ஆகவே வேலையை ஒரு ஸ்கிரிப்டில் ஒருமுறை சரியாக எழுதி, இமேஜ் கோப்போடு சேர்த்து மைக்ரோ எஸ்.டி. கார்டில் வைக்கிறோம். லினக்ஸ் தொடங்கியதும் ஓடும் முதல் புரோகிராமுக்கு 'இனிட்' என்று பெயர். அந்த இடத்தில் நம் ஸ்கிரிப்டைக் காட்டிவிட்டால் சாதா கார்டு 'ஃபிளாஷர் கார்டு' ஆகிவிடும்!

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியவை

1. அடையாளம்: எது இ.எம்.எம்.சி., எது கார்டு? லினக்ஸ் தரும் 0, 1 என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது, அது மாறலாம். இ.எம்.எம்.சி.க்கு மட்டும் 'பூட்0', 'பூட்1' என்று இரண்டு சின்னப் பகுதிகள் தனியாகத் தெரியும். கார்டுக்கு அவை கிடையாது. அதை வைத்துக் கண்டுபிடிக்கணும்.

2. அளவு: இமேஜ் உள்ளே அடங்குமா? அடங்காவிட்டால் அங்கேயே நிறுத்தணும்.

3. எழுதுதல்: 'டிடி' முடிந்ததும் 'சிங்க்' கட்டளை கட்டாயம். இல்லாவிட்டால் கடைசித் தகவல்கள் இன்னும் ராமிலேயே தங்கியிருக்கும்.

4. சோதனை: எழுதிய அதே அளவைத் திரும்பப் படித்து, ஷா-256 மதிப்பை ஒப்பிடணும். இது கோப்பின் கைரேகை மாதிரி. படிக்கும் முன் ராமில் உள்ள நகலைக் காலி செய்யணும். இல்லேன்னா சிப்பைப் படிக்காமல் ராமையே படித்து 'சரி' என்று சொல்லிவிடும்!

5. அறிவிப்பு: போர்டில் நான்கு எல்.இ.டி. விளக்குகள் உள்ளன. வேலை நடக்கும்போது மாறி மாறி எரியட்டும். தவறு என்றால் நான்கும் சேர்ந்து மின்னட்டும். சரியாக முடிந்தால் போர்டு தானே அணையட்டும். ரீஸ்டார்ட் செய்தால் கார்டிலிருந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம்.

நாம் செய்வது: கார்டைச் செருகி, எஸ்2 பட்டனை அழுத்தியபடியே மின்சாரம் கொடுக்கணும். அணைந்ததும் கார்டை எடுத்து அடுத்த போர்டில் போடணும். அவ்ளோதான்!

நடுவில் கரண்ட் போனால்?

உள்ளே பாதி எழுதிய மென்பொருள்தான் இருக்கும், போர்டு தொடங்காது. பயப்படாதீங்க. பிராசசருக்குள் அழிக்க முடியாத ராம் அல்லாத 'ரோம்' இருக்கிறது. எஸ்2 அழுத்தினால் அது இ.எம்.எம்.சி.யை விட்டுவிட்டுக் கார்டைத் தேடும். மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஆனாலும் யு.எஸ்.பி. வயரை நம்பாமல் நல்ல 5 வோல்ட் அடாப்டர் பயன்படுத்துவதே நல்லது.

மறக்கக் கூடாத ஒன்று

ஓடிப் பழகிய போர்டின் நகலை எல்லாவற்றிலும் ஏற்றினால், எஸ்.எஸ்.எச். சாவிகளும் ஒன்றாகவே இருக்கும். 30 வீட்டுக்கு ஒரே சாவி போட்ட மாதிரி! ஒரு போர்டின் சாவி திருடுபோனால், திருடியவர் மற்ற 29 போர்டுகளைப் போலவும் நடிக்கலாம். ஆகவே மூல இமேஜிலேயே சாவிகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு போர்டும் முதல்முறை தொடங்கும்போது தனக்கெனப் புதிய சாவி உருவாக்கும்படி செய்யணும்.

யோசித்துப் பாருங்கள்!

இமேஜ் 4000 மெகாபைட். நொடிக்கு 10 மெகாபைட் எழுதுவதாகக் கொள்வோம். சோதனை நேரத்தை விட்டுவிடலாம்.
அ) ஒரு கார்டால் 30 போர்டு முடிக்க எவ்வளவு நேரம்?
ஆ) 5 கார்டு இருந்தால்?

(விடை: அ. 3 மணி 20 நிமிடம். ஆ. 40 நிமிடம். கணக்குப் போட்ட பிறகுதான் பார்த்தீங்க, இல்லையா?)