மீன்பிடி படகுகளும் கடற்சாலை விதிகளும்

உழவும் நீர்ப்பாசனமும் பேசும் ஏட்டில் கடல் விதிகளுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நம் கடற்கரைப் பஞ்சாயத்துக்கள் பலவற்றில் வயலை நம்பிய குடும்பங்களும் வலையை நம்பிய குடும்பங்களும் ஒரே எல்லைக்குள் வாழ்கின்றன. இரவில் கடலுக்குச் சென்றவர் திரும்பாவிடில் அத்துயரம் ஊர் முழுமைக்கும் உரியதாகின்றது. ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி, கேரளத்தின் முனம்பத்துக்கு அப்பால் கப்பல் மோதி மூழ்கிய படகில் இருந்தோருள் பலர் கன்னியாகுமரி மாவட்டத்தினர். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், மங்களூருக்கு அப்பால் ஆழ்கடலில் ஒரு சரக்குக் கப்பலும், பேப்பூரிலிருந்து புறப்பட்ட விசைப்படகும் மோதின. படகில் இருந்தவர் 14 பேர். தமிழ்நாட்டவரும் அவர்களுள் உண்டு. உயிருடன் மீட்கப்பட்டவர் இருவரே. இவ்விபத்துக்களில் குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. இரு தரப்பினரும் அறிந்திருக்க வேண்டிய விதிகள் யாவை, அவற்றை நம் படகுகள் பின்பற்றுகின்றனவா என்பதே நம் கேள்வி.

கப்பல்கள் மோதாமல் தடுப்பதற்கான சர்வதேச விதிகள் 1972-இல் வகுக்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவும் இவற்றை ஏற்றுள்ளது. இவ்விதிகள் பெருங்கப்பலுக்கு மட்டும் உரியவை அல்ல. துடுப்பு வலிக்கும் சிறு வள்ளத்துக்கும் இவற்றில் இடமுண்டு.

நம் மீனவரிடையே பரவலாக உள்ள ஓர் எண்ணம், "மீன்பிடி படகுக்குக் கப்பல்தான் விலகிச் செல்ல வேண்டும்" என்பது. இது பாதி உண்மை. வலையோ, நீண்ட தூண்டிற் கயிறோ, இழுவை மடியோ கடலில் இறங்கியிருந்து, அதனால் படகு விருப்பம்போல் திரும்ப இயலாத நிலையில் இருக்கும்போதுதான் விசைக்கப்பல் அதற்கு வழிவிடக் கடமைப்பட்டது. வலை படகினுள் இருக்க, மீன்பிடி இடத்தை நாடி ஓடும் படகும், கரை திரும்பும் படகும் சட்டத்தின் கண்ணில் சாதாரண விசைப்படகுகளே. ஓடும் படகின் பின்னால் ஓரிரு தூண்டில்களை இழுத்துச் செல்வதும் விதியின்படி 'மீன்பிடித்தல்' ஆகாது. துறைமுகத்தின் குறுகிய வாய்க்காலிலோ, கப்பல்களுக்கென வகுக்கப்பட்ட ஒருவழிப் பாதையிலோ வலை விரித்திருப்பவர், அவ்வழியே செல்லும் கப்பலுக்கு இடையூறு செய்யலாகாது என்றும் விதி கூறுகின்றது.

சலுகை பெறுபவர் அதற்குரிய அடையாளத்தைக் காட்ட வேண்டுமன்றோ? முற்காலத்தில் இரவில் செல்லும் மாட்டு வண்டியின் அடியில் அரிக்கன் விளக்கு தொங்கும். வண்டிக்காரருக்கு வழி தெரிவதைவிட, எதிரே வருபவருக்கு வண்டி தெரிவதே அதன் முக்கியப் பயன். கடலிலும் அப்படியே. இழுவை மடி போட்டிருக்கும் படகு, எத்திசையிலிருந்தும் தெரியும்படி மேலே பச்சை, கீழே வெள்ளை என இரு விளக்குகளைக் காட்ட வேண்டும். மற்ற வலையோ தூண்டிற் கயிறோ போட்டிருப்பது மேலே சிவப்பு, கீழே வெள்ளை காட்ட வேண்டும். அவ்வலை படகிலிருந்து 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் வலை கிடக்கும் பக்கத்தில் இன்னொரு வெள்ளை விளக்கும் தேவை. வலையை ஏற்றியவுடன் இவற்றை அணைத்துவிட வேண்டும்.

நடைமுறையில் நாம் காண்பது வேறு. பல படகுகளில் இவ்விளக்குகள் இல்லை. இருப்பினும் பழுதுற்றுக் கிடக்கின்றன. சில படகுகளில் புறப்பட்டது முதல் கரை சேரும் வரை அவை எரிந்துகொண்டே இருக்கின்றன. எப்போதும் எரியும் அடையாளம் எதனையும் அடையாளம் காட்டாது. மேல்தளத்தில் கண்ணைக் கூசச் செய்யும் மின்விளக்குகளை வரிசையாக எரியவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அவ்வெளிச்சத்தில் பச்சையும் சிவப்பும் மங்கிப்போகின்றன. அடையாள விளக்குகளை மறைக்கும் வேறு ஒளி கூடாது என்று விதியே விலக்கியுள்ளது. எல்லாவற்றினும் கொடியது, நாள் முழுதும் உழைத்த களைப்பில் ஒருவர்கூட விழித்திராமல் அனைவரும் உறங்கிவிடுவது. களைப்பை நாம் குறை கூறவில்லை. ஆனால் கண்ணாலும் காதாலும் இடைவிடாது காவல் இருத்தல் ஒவ்வொரு கலத்துக்கும் உள்ள கடமை. வலை போட்டிருப்பதால் அது தளர்வதில்லை.

கப்பல்காரர் மீதும் குறை உண்டு. மரப்படகும் கண்ணாடியிழைப் படகும் ராடார் திரையில் தெளிவாகத் தெரிவதில்லை என்று அறிந்தும், திரையை மட்டும் நம்பிச் செல்வோர் உளர். பெருங்கப்பலின் மேடையிலிருந்து நோக்குவோருக்கு அணியத்துக்கு முன்னே 500 மீட்டர் வரை கடற்பரப்பு மறைந்திருக்கலாம். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் நான்கே நிமிஷங்களில் ஒரு கடல் மைலைக் கடந்துவிடும். நிறுத்த நினைத்தாலும் உடனே நிற்காது. ஆதலின், "அவன் பார்த்துக்கொள்வான்" என்றிருப்பது பேதைமை.

அபாயத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு. நம் படகு நேராகச் செல்லும்போது தூரத்துக் கப்பலின் விளக்கைப் படகிலுள்ள ஒரு கம்பத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சில நிமிஷங்களில் விளக்கு கம்பத்தை விட்டு நன்கு விலகினால் கப்பல் பெரும்பாலும் கடந்து போகும். விலகாமல் அங்கேயே நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டும் மோதும் வழியில் உள்ளன. கப்பலின் வலப்புறம் பச்சை விளக்கும் இடப்புறம் சிவப்பு விளக்கும் இருக்கும். இரண்டும் ஒருங்கே தெரிந்து, உச்சியிலுள்ள வெள்ளை விளக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால், அது நம்மை நோக்கியே வருகின்றது. நேருக்கு நேர் சந்திக்கும் இரு விசைக்கலங்களும் தத்தம் வலப்புறம் திரும்புதல் வேண்டும்.

ஒலி அடையாளங்களும் உள. ஒரு குறுஞ்சங்கு, "வலப்புறம் திரும்புகிறேன்", இரண்டு, "இடப்புறம்", மூன்று, "இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகிறேன்." விரைந்தொலிக்கும் ஐந்து குறுஞ்சங்குகளை மீனவர் சிலர் வசை என்று கருதி, பதிலுக்குக் கூச்சலிடுவதுண்டு. "உன் நோக்கம் விளங்கவில்லை, போதிய அளவு விலகுகிறாயா என்று ஐயுறுகிறேன்" என்பதே அதன் பொருள். மழை திரையிட்டுக் கண் மறைக்கும் வேளையில், மீன்பிடிக்கும் படகு இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறையேனும் ஒரு நெடுஞ்சங்கும் இரண்டு குறுஞ்சங்கும் ஒலிக்க வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு இம்முறை கட்டாயமில்லை. எனினும் ஏதேனும் ஓர் உரத்த ஓசையை அதே இடைவெளியில் எழுப்பியே தீர வேண்டும். தகர டப்பாவைத் தட்டுவதும் வாளா இருப்பதைவிட நன்று.

தென்மேற்குக் கடற்பகுதியில் சரக்குக் கப்பல்களின் வழியையும் மீன்பிடி படகுகளின் இடத்தையும் பிரிக்கும் ஏற்பாடு 2020 ஆகஸ்டு முதல் செயலுக்கு வந்தது. வரைபடத்தில் இட்ட கோடு, அதை அறியாத படகோட்டிக்குப் பயன்படாது. அக்கோட்டை ஊர்ப் பொதுக்கட்டடச் சுவரில் பெரிதாக எழுதிவைப்பதைக் கடற்கரைப் பஞ்சாயத்துக்கள் செய்யலாம். மீன்வளத் துறை அலுவலரை அழைத்து, விளக்குகளை நேரில் ஏற்றிக் காட்டி ஒரு மாலைப் பொழுதில் பாடம் நடத்தலாம். துடுப்பினாலோ சிறு பாயினாலோ செல்லும் வள்ளத்துக்குக்கூட, மோதலைத் தவிர்க்கத் தக்க தருணத்தில் காட்ட ஒரு கைவிளக்கு வேண்டும் என்பது விதி. அது பெருஞ்செலவு அன்று.

பகற்பொழுதுக்கும் அடையாளம் உண்டு. இரண்டு கூம்புகளை, அவற்றின் நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி, உடுக்கை வடிவில் மேலும் கீழுமாகத் தொங்கவிட வேண்டும். 20 மீட்டருக்குக் குறைந்த படகுகள் இதற்குப் பதில் ஒரு கூடையைத் தொங்கவிடலாம் என்று முன்னர் இருந்தது. அச்சலுகை பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. கூம்பின் அடி விட்டமும் உயரமும் 0.6 மீட்டர் இருத்தல் வேண்டும்; சிறு படகுகளுக்கு அவற்றின் அளவுக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். ஊரிலேயே தகர வேலை செய்பவரிடம் கொடுத்துச் செய்வித்துக் கறுப்பு வர்ணம் பூசிக்கொண்டால் போதும்.