ஜேம்ஸ் பாண்டும் பத்தாம் வகுப்புப் பனிப்போர்ப் பாடமும்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகம் பற்றிய பாடத்தில் பனிப்போர் வருகிறது. அந்தப் பகுதியைப் பல ஆண்டுகளாக நான் ஒரே மாதிரிதான் நடத்தி வந்தேன். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் சோவியத் ஒன்றியம் என்று எழுதுவேன். நேட்டோ, வார்சா ஒப்பந்தம், கியூப ஏவுகணை நெருக்கடி என ஆண்டுகளை வரிசைப்படுத்துவேன். தேர்வுக்கு முக்கியமான வரிகளை அடிக்கோடிடச் சொல்வேன். மாணவர்கள் எழுதினார்கள், மதிப்பெண்ணும் பெற்றார்கள்.

ஒருநாள் மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், சண்டையே போடலைன்னா அதுக்கு எதுக்கு சார் போர்னு பேரு?" வகுப்பே சிரித்தது. பாடநூலில் இருந்த விளக்கத்தையே திருப்பிச் சொன்னேன். "சரிங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் புரியவில்லை என்பதை அவன் முகமே சொன்னது.

அன்று மாலை என் மகன் கைப்பேசியில் ஜேம்ஸ் பாண்ட் படம் பார்த்துக்கொண்டிருந்தான். 2021இல் வந்த 'நோ டைம் டு டை'. பக்கத்தில் அமர்ந்திருந்த என் அப்பா, "இவன் என்னடா பாண்டு? ஷான் கானரி நடந்து வந்தா அது பாண்டு" என்றார். பள்ளி முடிக்கும் வயதில் 'கோல்டன் ஐ' பார்த்த நான் பியர்ஸ் பிராஸ்னன் பக்கம் நின்றேன். மகன் டேனியல் கிரெய்க்கை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, மூன்று பாண்ட். அறுபது ஆண்டுக்கும் மேலாக ஒரு கதை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று அன்றிரவு யோசித்தேன். மாணவனின் கேள்விக்கான விடையும் அங்கேதான் கிடைத்தது.

தொடக்கம்

இயன் ஃபிளெமிங் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் உளவுப் பிரிவில் பணியாற்றியவர். போருக்குப் பின் ஜமைக்காவில் வீடு கட்டி, அங்கிருந்து நாவல்கள் எழுதினார். முதல் நாவல் 'கசினோ ராயல்' 1953இல் வெளிவந்தது. நாயகனின் பெயரைப் பறவையியல் அறிஞர் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். கரீபியப் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்கர் அவர். உளவுக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

முதல் படமான 'டாக்டர் நோ' 1962 அக்டோபர் 5 அன்று லண்டனில் வெளியானது. அதே மாதத்தில்தான் கியூப ஏவுகணை நெருக்கடி உலகை அணு ஆயுதப் போரின் விளிம்புக்குக் கொண்டுபோனது. படத்தின் கதையும் கியூபாவுக்கு அருகிலுள்ள ஜமைக்காவில்தான் நடக்கிறது. அங்கிருந்து ஒருவன் அமெரிக்க ராக்கெட்டுகளைத் திசைமாற்றுகிறான். செய்தித்தாளில் படித்துப் பயந்ததையே மக்கள் திரையிலும் பார்த்தார்கள். ஆனால் திரையில் அந்த ஆபத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது.

பனிப்போர் என்பது அச்சத்தைக் கொண்டு நடத்தப்பட்ட போர். இரு வல்லரசுகளும் நேருக்கு நேர் மோதவில்லை. ஆனால் நாளை குண்டு விழுமோ என்ற பயத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்.

மாறாதவை

1962 முதல் 2021 வரை இந்த வரிசையில் 25 படங்கள் வந்துள்ளன. ஆறு நடிகர்கள் பாண்டாக நடித்திருக்கிறார்கள். நடிகர் மாறினாலும் படத்தின் அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. துப்பாக்கிக் குழல் வழியே பாண்டைப் பார்க்கும் காட்சி, அந்த இசை, எம் என்ற மேலதிகாரியின் அறை, புதுக் கருவிகளைத் தரும் க்யூ, உலகை மிரட்டும் ஒரு வில்லன். க்யூவாக டெஸ்மண்ட் லெவலின் 1963 முதல் 1999 வரை 17 படங்களில் நடித்தார். அப்பா பார்த்த க்யூவையே நானும் பார்த்தேன். அடுத்து என்ன வரும் என்பது பார்ப்பவருக்குத் தெரியும்; தெரிந்த ஒன்றுக்காகக் காத்திருப்பதும் ஓர் இன்பம்தான்.

அந்த அமைப்பு நம் ஊருக்கும் வந்தது. 1960களில் உளவு, துப்பறியும் கதைகளில் நடித்த ஜெய்சங்கரைத் தமிழ் ரசிகர்கள் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்றே அழைத்தார்கள்.

மாறுபவை

அமைப்பு மட்டும் போதுமென்றால் பத்துப் படங்களில் சலித்திருக்கும். ஒவ்வொரு காலத்திலும் மக்கள் எதற்குப் பயந்தார்களோ அதுவே கதைக்குள் வந்தது. இதைக் காட்ட எட்டுப் படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கக் கதைச்சுருக்கம் எழுதினேன்.

1962, 'டாக்டர் நோ': ராக்கெட், விண்வெளிப் போட்டி.

1964, 'கோல்ட்ஃபிங்கர்': அமெரிக்கத் தங்கக் கிடங்கில் அணுகுண்டு வைக்கும் சதி. சீனா தன் முதல் அணுகுண்டைச் சோதித்ததும் அந்த ஆண்டுதான்.

1977, 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ': பிரிட்டிஷ் உளவாளியும் சோவியத் உளவாளியும் சேர்ந்து பொது எதிரியைத் தேடுகிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்க, சோவியத் விண்வெளி வீரர்கள் விண்ணில் கைகுலுக்கியிருந்தார்கள்.

1983, 'ஆக்டோபஸி': மேற்கு ஜெர்மனியில் உள்ள அமெரிக்கத் தளத்தில் குண்டு வைக்கத் துடிக்கும் ஒரு சோவியத் தளபதி. அமெரிக்க ஏவுகணைகளை எதிர்த்து மேற்கு ஜெர்மனி மக்கள் தெருவில் இறங்கிய காலம் அது. உதய்ப்பூரில் எடுத்த இப்படத்தில் சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் நடித்திருக்கிறார்.

1987, 'தி லிவிங் டேலைட்ஸ்': ஆப்கானிஸ்தான் போர்.

1995, 'கோல்டன் ஐ': சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பின் எஞ்சிய ஆயுதங்கள் யார் கைக்குப் போகும் என்ற கவலை.

2008, 'குவாண்டம் ஆஃப் சோலஸ்': பொலிவியாவின் தண்ணீரைக் கைப்பற்றும் நிறுவனம். அந்நாட்டின் கொச்சபம்பா நகரில் தண்ணீர் தனியார்மயத்தை எதிர்த்து 2000இல் பெரும் போராட்டம் நடந்தது.

2021, 'நோ டைம் டு டை': தொட்டாலே பரவிக் கொல்லும் நுண் ஆயுதம். கொரோனாவால் இந்தப் படத்தின் வெளியீடே ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது.

இன்னொரு செய்தியும் முக்கியம். ஃபிளெமிங்கின் முதல் நாவல்களில் பெரும்பாலும் சோவியத் உளவுத்துறையே எதிரி. தயாரிப்பாளர்கள் தொடக்கப் படங்களில் அதை 'ஸ்பெக்டர்' என்ற கற்பனைக் குற்றக் கூட்டமாக மாற்றினார்கள். நாட்டை எதிரியாக்காமல் பேராசையை எதிரியாக்கியதால், சோவியத் மறைந்த பிறகும் பாண்டுக்கு வேலை இருந்தது.

வகுப்பறையில்

படங்களை நான் வகுப்பில் திரையிடவில்லை. அவற்றில் பல காட்சிகள் பள்ளி மாணவர்களுக்கு ஏற்றவை அல்ல. கதைச்சுருக்கத்தை மட்டும் எட்டுக் குழுக்களுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இந்தக் கதையில் மக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? அந்த ஆண்டையொட்டி உலகில் என்ன நடந்தது? இந்தக் கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது?

இரண்டு பாடவேளைகள் ஆயின. பாடநூலையும் நூலகப் புத்தகங்களையும் புரட்டினார்கள். சுவரில் நூல் கட்டி, மேலே படங்களையும் கீழே நிகழ்வுகளையும் தொங்கவிட்டார்கள். மூன்றாம் கேள்விக்கு ஒரு குழு நல்ல விடை சொன்னது. "உலகத்தையே இங்கிலாந்துக்காரர் ஒருத்தரே காப்பாத்துறாரு சார். ஆனா அப்போ அவங்க ராஜ்யமே போயிட்டு இருந்துச்சே?" உண்மைதான். இந்தியா 1947இலும், ஜமைக்கா 1962 ஆகஸ்டிலும் விடுதலை பெற்றுவிட்டன. 1956இல் சூயஸில் அமெரிக்காவின் நெருக்குதலுக்குப் பிரிட்டன் பணிய வேண்டியிருந்தது. உலகில் குறைந்துபோன செல்வாக்கைத் திரையில் மீட்டுக்கொண்டார்கள். குடியேற்ற ஆதிக்க நீக்கத்தைத் தனிப்பாடமாக நடத்தத் தேவையில்லாமல் போயிற்று.

ஒரு மாணவியின் கேள்வி

எல்லாம் நன்றாகப் போனதாக நினைத்து முடிக்கப் போனேன். முன்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. "சார், நீங்க குடுத்த எட்டுக் கதையிலயும் ஒரு பொண்ணு பேருகூட இல்லையே. அந்தப் படத்துல எல்லாம் பொண்ணுங்களே கிடையாதா?"

தாள்களை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. 1977 படத்தில் பாண்டுக்கு இணையாக வரும் சோவியத் உளவாளி அன்யா அமசோவா ஒரு பெண், கே.ஜி.பி.யில் மேஜர். நான் 'ஒரு சோவியத் உளவாளி' என்று மட்டும் எழுதியிருந்தேன்; வகுப்பே அவரை ஆண் என்று எண்ணியிருந்தது. 'ஆக்டோபஸி' என்பதே ஒரு பெண் பாத்திரத்தின் பெயர். அவரையும் விட்டிருந்தேன். சுருக்குகிறபோது தேவையற்றது என்று என் கை எதைத் தள்ளியது என்பதை ஒரு பதினைந்து வயதுப் பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

"தப்பு என்னோடதும்மா" என்று வகுப்பிலேயே சொன்னேன். அடுத்த நாள் எட்டுத் தாள்களையும் திருத்தி எழுதிக் கொண்டுபோனேன். பழைய படங்கள் பெண்களை நாயகனின் அலங்காரமாக நடத்தியதையும் மறைக்காமல் பேசினோம். 1992இல் பிரிட்டனின் எம்.ஐ.5 உளவு அமைப்புக்கு ஸ்டெல்லா ரிமிங்டன் என்ற பெண் முதன்முறையாகத் தலைவரானார். மூன்று ஆண்டுகள் கழித்து 'கோல்டன் ஐ'யில் எம் பாத்திரத்தில் ஜூடி டென்ச் வந்து, பாண்டை முகத்துக்கு நேராகவே காலம் கடந்தவர் என்று கண்டிக்கிறார். 2021 படத்தில் 007 என்ற எண்ணையே ஒரு கறுப்பினப் பெண் உளவாளி வைத்திருக்கிறார். கேள்வி கேட்ட மாணவி பனிப்போர் வரிசையில் ஓர் அட்டையைச் சேர்த்துத் தொங்கவிட்டாள்: 1963, விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவா, சோவியத் ஒன்றியம்.

இந்தப் படவரிசை தலைமுறைகளைத் தாண்டி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அப்போது புரிந்தது. முழுமையாகத் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன்மேல் வந்த குறையைத் தன் கதைக்குள்ளேயே பேச இடம் கொடுத்தது.

நமக்கு

நம் பாடங்களுக்கும் மாறாத அமைப்பு ஒன்று உண்டு: பாடநூல், கரும்பலகை, தேர்வு. அதை நாம் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எதிரே இருக்கும் பிள்ளைகளின் காலமும் கேள்விகளும் அதற்குள் வராவிட்டால், நடத்துவது நம் பழைய குறிப்பேட்டை மட்டுமே.

இந்தச் செயல்பாட்டுக்குப் பாண்ட்தான் வேண்டும் என்பதில்லை. நீண்ட காலம் வந்த எந்தக் கதைவரிசையையும் எடுத்துக்கொள்ளலாம். கதைச்சுருக்கம், காலக்கோடு, மூன்று கேள்விகள், இரண்டு பாடவேளைகள் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுருக்கத்தை நாமே எழுதினால், யாரை விட்டுவிட்டோம் என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுப்போம். நான் இப்போது நான்காவது கேள்வியாக அதையே மாணவர்களிடம் கேட்கிறேன்: இதில் யார் இல்லை?

"எதுக்கு சார் போர்னு பேரு?" என்று கேட்ட மாணவன் பொதுத்தேர்வு எழுதிவிட்டு வந்து, பனிப்போர் வினா வந்ததாகச் சொன்னான். என்ன எழுதினாய் என்றேன். "பயம்தான் சார் ஆயுதம்னு ஆரம்பிச்சேன்" என்றான்.