பட்டியலை அடுப்பு போடட்டும்

தீபாவளி மதியச் சாப்பாட்டுக்கு இருபத்தைந்து பேர் வருகிறார்கள் என்று தெரிந்ததும், பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் பேச்சு என்ன சமைப்பது என்பதுதான். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், இரண்டு பொரியல், கூட்டு, வடை, பாயசம், அப்பளம் என்று பட்டியல் நீளும். அதிலிருந்து மளிகைச் சீட்டு பிறக்கும். சீட்டு கடைக்குப் போனதும் பாதி வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுவோம். வீட்டு விருந்துகளைச் சமைத்தும் பரிமாறியும் பழகியதில் நான் வந்து சேர்ந்த முடிவு இதற்கு நேர் எதிரானது. பட்டியலை நாக்கு போடக் கூடாது, அடுப்பு போட வேண்டும். இலை போடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எத்தனை பாத்திரம் அடுப்பின் மேல் இருந்தாக வேண்டும் என்று முதலில் எண்ண வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி வந்தால்தான் விருந்து உருப்படும். பெருங்காயம் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கிடைக்கும். பன்னிரண்டரை மணிக்கு நான்காவது அடுப்பு எங்கேயும் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். உளுந்து வடையை எடுத்துக்கொள்வோம். தலைக்கு இரண்டு என்றால் 50 வடை. வீட்டு வாணலியில் ஓர் ஈட்டுக்கு ஐந்தாறுக்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, வடை எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிடும். ஓர் ஈடு சிவந்து வர நான்கைந்து நிமிடம். ஆக ஒன்பது பத்து ஈடு, முக்கால் மணி நேரம். அதுவரை ஓர் அடுப்பும் ஓர் ஆளும் வேறெதற்கும் உதவாது. முன்னாலேயே சுட்டு வைத்தால் மொறுமொறுப்பு போய்விடும், மாவை முதல் நாளே ஆட்டி வைத்தால் புளித்து நீர்த்துவிடும். அடுத்தது சோறு. முழுச்சாப்பாட்டுக்குத் தலைக்கு 100 முதல் 125 கிராம் அரிசி என்று வைத்தால் மூன்று கிலோ வேண்டும். 5 லிட்டர் குக்கரில் அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது, அப்படிப் பார்த்தால் ஒரு தடவைக்கு முக்கால் கிலோவே அதிகம். நான்கைந்து தடவை வைத்து, ஒவ்வொரு முறையும் ஆவி அடங்கக் காத்திருந்தால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். பெரிய குண்டானில் உலை வைத்து வடித்துவிடலாம்தான். ஆனால் அந்தக் குண்டானின் வயிறு பக்கத்து பர்னரையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். மூன்று பர்னர் அடுப்பில் மிஞ்சுவது ஒன்றுதான், அதில்தான் ரசமும் அப்பளமும் சாம்பாரைச் சூடு பண்ணுவதும். இன்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதே என்பவர்கள் தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதை மறக்கிறார்கள். மின்சாரம் போனால் அது வெறும் கண்ணாடிப் பலகை.

இதே நாளில் கறி சமைக்கும் வீடுகளைப் பார்த்தால் என் கட்சிக்குச் சாட்சி கிடைக்கும். விடிகாலையில் ஆட்டுக்கறிக் கடை வரிசையில் நின்று வாங்கிவந்து பிரியாணி போடுகிறார்கள். மசாலா, கறி, அரிசி எல்லாம் ஒரே அண்டாவுக்குள் போய்விடும். தம்மில் போட்ட பிறகு அடுப்பின் மற்ற பர்னர்கள் காலி. வெங்காயப் பச்சடிக்கு அடுப்பே தேவையில்லை, கத்தரிக்காய்த் தொக்கு முன்னாலேயே செய்து வைத்தது. காரசாரமான விருந்துதான், ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் அடுப்பில் இருப்பது ஒரே பாத்திரம். மூன்று நான்கு பண்டங்களோடு அவர்கள் நிம்மதியாக இருக்க, பன்னிரண்டு பண்டங்களோடு சைவச் சமையலறை தவிப்பதற்கு இதுவே காரணம்.

பின்னோக்கி வருவதென்றால் ஒவ்வொரு பண்டத்தையும் அது எத்தனை நேரம் காத்திருக்கும் என்று கேட்பதுதான். புளிக்காய்ச்சலும் இஞ்சிப்புளியும் ஒரு வாரம் முன்பே செய்யலாம், நல்லெண்ணெய் மேலே நிற்க நிற்க ருசி கூடும். அதிரச மாவு ஊறித்தான் ஆக வேண்டும். வத்தக்குழம்பு முதல் நாள் இரவு. பாயசத்துக்கு வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, காய்ச்சி ஆற வைப்பதும் அன்றிரவே. பீன்ஸையும் கேரட்டையும் நறுக்கி ஈரமில்லாமல் டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். வாழைக்காயும் வாழைப்பூவும் கறுத்துவிடும், அவற்றைக் காலையில் நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். தயிருக்கு மழைக்குளிரில் உறைய நேரம் பிடிக்கும், ஆகவே இரவு எட்டு மணிக்கே உறை ஊற்றிவிட வேண்டும். பொரியலும் கூட்டும் காலையில் ஆகிவிடலாம். வடை இல்லாமல் தீபாவளியா என்றால், தயிர்வடை போடுங்கள். காலையில் சுட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தயிரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மதியத்துக்கு நன்றாக ஊறியிருக்கும். மொறுமொறுப்பு என்ற கவலையே அதற்கு இல்லை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசி மணிக்கு மிஞ்சுவது சோறு, ரசம், சாம்பாரின் சூடு, அப்பளம். சோற்றை அரைமணி முன்பே வடித்து மூடிவைத்தால் மொத்தமாக இருப்பதால் ஆறாது. மீதி மூன்றுக்கு மூன்று பர்னர்.

“பண்டிகைக்குப் பழையதைப் போடுவதா?” என்று ஒரு கேள்வி வரும், பெரும்பாலும் வீட்டின் மூத்தவர்களிடமிருந்து. அது நியாயமான கேள்வி. முதல் நாளே செய்யலாம் என்பது எல்லாப் பண்டத்துக்கும் பொருந்தாது. புளிப்பும் எண்ணெயும் உப்பும் ஏறியவை தாங்கும், தேங்காய் அரைத்துவிட்டவை தாங்காது. சோறு கூடவே கூடாது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. முந்தின இரவு பருப்பை வேகவைத்தால்கூட அண்டாவோடு ஃபிரிட்ஜில் ஏற்றக் கூடாது. நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும், கெடுவது அங்கேதான். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆற வைத்து உள்ளே தள்ளுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே ஃபிரிட்ஜைக் காலி செய்திருக்க வேண்டும் என்பது பலருக்கு அன்றிரவுதான் உறைக்கிறது. மற்றபடி, ஊறுகாயும் தயிரும் அதிரசமும் என்றைக்கும் அன்றன்று செய்தவை அல்ல. ரசத்தைத்தான் நுரைத்ததும் இறக்கி உடனே ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் அன்றே செய்யப்போய், கடைசியில் ஆறிப்போவது அந்த ரசம்தான்.

இன்னொரு தடை கௌரவம். இலை நிறையவில்லை என்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம். கல்யாணச் சாப்பாட்டு இலையை அளவுகோலாக வைத்துக்கொள்வதால் வரும் பயம் இது. அந்த இலைக்குப் பின்னால் கோட்டையடுப்புகளும் ஒரு சமையல் கோஷ்டியும் உண்டு. வீட்டில் அதைப் போலச் செய்யப் பார்ப்பதுதான் தவறு. இலையை நிறைக்கத்தான் வேண்டுமென்றால் அன்றைக்கு அடுப்பு ஏறாத பண்டங்கள் எத்தனையோ இருக்கின்றன: வெள்ளரிக்காய்ப் பச்சடி, கோசம்பரி, இஞ்சிப்புளி, இரண்டு வகை ஊறுகாய், வாழைப்பழம். எண்ணிக்கையும் கூடும், அடுப்பும் காலியாக இருக்கும்.

மொத்தமாகக் கேட்டரிங்கில் சொல்லிவிடலாமே என்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். நூறு பேர் என்றால் அதுதான் சரி. இருபத்தைந்து பேருக்குப் பாதிப் பாதி போதும். இனிப்பும் காரமும் தெரிந்த இடத்தில் ஒரு வாரம் முன்பே சொல்லி வாங்கிக்கொள்ளலாம். சோறு, சாம்பார், ரசம் மூன்றும் வீட்டில் இருக்கட்டும். தீபாவளியன்று சமையல்காரர்களும் ஊருக்குப் போகிறவர்கள்தான். வந்து சேராத ஓர் ஆளை நம்பி இருபத்தைந்து இலை காத்திருக்கக் கூடாது.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 25 பேருக்குச் சாம்பாருக்கு முக்கால் கிலோ துவரம்பருப்பு, பொரியல் ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ காய், ரசம் நான்கு லிட்டர், தயிர் மூன்று லிட்டர். குண்டானும் கரண்டிகளும் வாடகைப் பாத்திரக் கடையில் கிடைக்கும், முதல் நாளே எடுத்துவந்து அடுப்பின் மேல் காலியாக வைத்துப் பாருங்கள். மாற்று சிலிண்டர் பத்து நாள் முன்பே வீட்டில் இருக்க வேண்டும். இலையை முந்தின மாலையே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் போதும்.

இவ்வளவு கணக்கும் யாருக்காக? தீபாவளியன்று சமையலறை விழிப்பது விடிவதற்கு முன். எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர், காலை இட்லி, வருகிறவர்களுக்குக் காபி, அதற்குப் பிறகுதான் மதியச் சாப்பாடு. தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக்கூட அரசு நேரம் குறித்திருக்கிறது, சமையல் செய்பவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. முதல் பந்தியில் குழந்தைகளும் பெரியவர்களும், இரண்டாவதில் ஆண்கள், எல்லாம் ஒழிந்த பிறகு மிச்சத்தை வைத்துக்கொண்டு சமைத்த பெண்கள் என்பது பல வீடுகளில் இன்றும் வழக்கம். கடைசி மணியில் அடுப்பு காலியாக இருந்தால், சமைத்தவரும் முதல் பந்தியிலேயே உட்காரலாம். பரிமாற இரண்டு பேர் போதும், பெயரை முந்தின இரவே சொல்லி வையுங்கள், அதில் ஒருவராவது ஆணாக இருக்கட்டும்.