களவு போன தபாலுக்கு யாரைக் கேட்பது?

இம்மாதப் பாடம் தபாலைப் பற்றியது.

கொழும்பில் கடையில் நிற்கும் மகன் கவருக்குள் காசு வைத்து அனுப்புகிறார். சவூதியில் வீட்டு வேலை செய்யும் மகள் பிள்ளைக்கு ஒரு சாமான் பார்சல் பண்ணி அனுப்புகிறார். கவர் வந்து சேருகிறது, உள்ளே காசு இல்லை. பார்சலோ வந்தே சேரவில்லை. "இன்சூரன்ஸ் பண்ணாத தபால்தானே, ஒன்றும் செய்ய ஏலாது" என்று யாராவது சொல்வார்கள். வீட்டுக்காரரும் "நம்ம தலைவிதி" என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பேச்சில் பாதி சரி, பாதி பிழை. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

சரியான பாதி

நமது நாட்டுத் தபால் சேவை 1908ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தபால் அலுவலகக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. சாதாரண தபால் தொலைந்தாலும் களவு போனாலும் பொதுவாக அரசாங்கம் நட்டஈடு தரவேண்டியதில்லை.

இது வெள்ளைக்காரர் காலத்துச் சட்ட வழக்கம். 1701இல் லண்டனில் லேன் எதிர் கொட்டன் என்றொரு வழக்கு நடந்தது. தபாலில் கொடுத்த கட்டிலிருந்து அரசாங்கப் பணப் பத்திரங்கள் களவு போயின. தபால் தலைமை அதிகாரிகள் பொறுப்பில்லை என்று நீதிபதிகளில் பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தனர். பிரதம நீதியரசர் ஹோல்ட் மட்டும் அதை ஏற்கவில்லை. 1778இல் இன்னொரு வழக்கில், கடிதம் பிரிக்கும் ஊழியர் ஒருவர் கடிதத்திலிருந்த வங்கி நோட்டை எடுத்துவிட்டார். மான்ஸ்பீல்ட் பிரபுவும் தலைமை அதிகாரிகள் பொறுப்பில்லை என்றார். ஆனால் பிழை செய்தவர் தன் பிழைக்குத் தானே பொறுப்பு என்பதையும் அந்தத் தீர்ப்பு விட்டுவைத்தது. நமக்கு வேண்டியது இந்தக் கடைசி வார்த்தைதான்.

பிழையான பாதி

இன்சூரன்ஸ் இல்லை என்பதால் களவு, களவு இல்லாமல் போய்விடாது. தபாலைத் திருடுவதும் மறைப்பதும் குற்றம். தபால் ஊழியர் செய்தாலும் குற்றம், வேறு யார் செய்தாலும் குற்றம். ஆள் பிடிபட்டு நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டால், தண்டனையோடு, இழந்தவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் உத்தரவிடலாம். திருடியவர் மேல் தனியாகச் சிவில் வழக்குப் போடவும் வழி உண்டு. அதற்குப் பொதுவாக 2 வருடக் காலக்கெடு இருக்கிறது.

யார் கையில் இருந்தபோது?

தோட்டத்தில் இருக்கும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டவுனில் தபால்காரர் நேரே வீட்டு வாசலுக்கு வருகிறார். நமது பல தோட்டங்களில் அப்படி இல்லை. தபாலகத்திலிருந்து ஆபீசுக்கு ஒரு கை, ஆபீசிலிருந்து பெரட்டுக்களத்துக்கு ஒரு கை, அங்கிருந்து லயத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கை என்று தபால் பல கை மாறுகிறது.

தோட்டத்தின் பெயருக்கு வந்ததை ஆபீசில் ஒப்படைத்துவிட்டால், தங்கள் வேலை முடிந்தது என்றே தபால் திணைக்களம் சொல்லும். அதன் பிறகு தபால் தோட்ட ஆட்களின் பொறுப்பில் இருக்கிறது. கம்பனியிடம் சம்பளம் வாங்கி தபால் எடுத்து வருபவர் அரசாங்க ஊழியர் அல்ல. அரசாங்கத்துக்கு உள்ள அந்தப் பாதுகாப்பைக் கம்பனி கேட்க முடியாது. வேலையாள் வேலை நேரத்தில் செய்த பிழைக்குச் சில வேளை எஜமானும் பொறுப்பேற்க வேண்டிவரும். ஆகவே எந்தக் கையில் காணாமல் போனது என்று தெரிந்தால்தான், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

செய்ய வேண்டியவை

1. கவரை வீசாதீர்கள். வெட்டிய இடம், மறுபடி ஒட்டிய அடையாளம், தபால் முத்திரைத் திகதி எல்லாம் சாட்சி. அனுப்பியவரிடம் திகதி, தபாலகம், உள்ளே இருந்தது என்ன என்று எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

2. தபாலதிபருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட ஆபீசுக்கு வந்த பிறகு காணாமல் போயிருந்தால் துரைக்கும் எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

3. பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையொப்பம் வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தை வைத்து ஓர் ஆளைத் திருடன் என்று சொல்லாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை.

4. பதிவுத் தபால் என்றால் யார் கையொப்பமிட்டு எடுத்தார் என்பதைத் திணைக்களத்திடம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் கேட்கலாம், அதிகாரியே எழுதிக்கொள்ள வேண்டும்.

5. வெளிநாட்டிலிருந்து வந்த பதிவுத் தபால் அல்லது பார்சல் என்றால், அனுப்பியவர் அந்த நாட்டுத் தபாலகத்தில் விசாரணை கேட்க வேண்டும். சர்வதேச தபால் ஒன்றியத்தின் விதிப்படி போட்ட நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். நட்டஈடு கேட்கும் உரிமை முதலில் அனுப்பியவருக்கே. அதனால் மகளுக்கு உடனே போன் பண்ணிச் சொல்லுங்கள்.

6. அரசாங்க அலுவலகம் பதில் தராமல் இழுத்தடித்தால் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பாராளுமன்ற உறுப்பினர் மூலம் போகத் தேவையில்லை, நேரடியாக எழுதலாம். வழக்குப் போட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இனிமேல்

சாதாரண கவருக்குள் காசோ நகையோ வேண்டாம். வெளிநாட்டுத் தபாலில் இன்சூரன்ஸ் இல்லாமல் நோட்டு வைப்பது விதிக்கே மாறு. காசுக்கட்டளையோ வங்கியோ நல்லது. பிறப்புச் சான்றிதழ் போன்ற பத்திரம் என்றால் ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லுங்கள். ரெஜிஸ்டர் வேறு, இன்சூரன்ஸ் வேறு. ஆனாலும் ரெஜிஸ்டர் பண்ணினால் கை மாறும் இடமெல்லாம் பதிவு இருக்கும். முகவரியில் தோட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல் டிவிசன், லயத்து இலக்கம், வீட்டு இலக்கம், தகப்பன் பெயர் எல்லாம் எழுதச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தோட்ட ஆபீசிலும் தபால் புத்தகம் ஒன்று வைக்கும்படி தலைவர்மார் ஒன்றுசேர்ந்து துரையிடம் கேளுங்கள். வந்த திகதி, பெயர், வாங்கியவர் கையொப்பம் என்று மூன்று கோடு போதும். அது கள்ளனைப் பிடிக்க மட்டும் அல்ல. நேர்மையாகத் தபால் சுமந்து வரும் மனிதர் மேல் வீண் பழி விழாமல் காப்பதும் அந்தப் புத்தகம்தான்.