ஐந்து ஸ்டாக் புட்டிகளும் ஒரு லிட்டர் எம்.எஸ். ஊடகமும்

திசு வளர்ப்புக் கூடத்தில் புதிதாகச் சேருபவர்கள் குருத்து வெட்டப் பழகத்தான் அவசரப்படுகிறார்கள். ஊடகம் கலக்கக் கற்ற பிறகு கத்தியைத் தொட்டால் போதும் என்பேன். புட்டிக்குள் இருக்கும் வாழைக் குருத்துக்கு வேரும் இல்லை, மண்ணும் இல்லை; நாம் கரைத்து வைக்கும் உப்பையும் சர்க்கரையையும் நம்பித்தான் அது வளர்கிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோஷியோ முராஷிகியும் ஃபோல்க் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்து 1962இல் வெளியிட்டது எம்.எஸ். ஊடகம். தழைச்சத்து நைட்ரேட்டாகவும் அம்மோனியமாகவும் தாராளமாக இருப்பது அதன் தனிக்குணம். எல்லாம் கலந்த பொடியாகவும் கடையில் கிடைக்கிறது. ஆனால் ஒரு பயிருக்கு அம்மோனியத்தை மட்டும் குறைத்துப் பார்க்க வேண்டுமென்றால் பொடி உதவாது. அதனால் ஸ்டாக் கரைசல்களை நீங்களே தயாரியுங்கள்.

முதல் புட்டி பேரூட்ட உப்புகள், 20 மடங்கு செறிவில். 1 லிட்டருக்கு அம்மோனியம் நைட்ரேட் 33 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 38, மெக்னீசியம் சல்பேட் 7.4, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3.4. காய்ச்சி வடித்த நீர் 700 மி.லி.யில் ஒன்று முழுதும் கரைந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். அம்மோனியம் நைட்ரேட் கரையும்போது பீக்கர் சில்லிட்டுப் போகும், அது இயல்புதான்.

கால்சியம் குளோரைடு 8.8 கிராமைத் தனிப் புட்டியில் 1 லிட்டராக வையுங்கள். செறிந்த நிலையில் பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்த உப்பு செடிக்குப் போய்ச் சேராது.

எடை போடுமுன் டப்பாவின் லேபிளைப் படியுங்கள். மேலே சொன்ன கால்சியம் அளவு இரண்டு நீர் மூலக்கூறு உள்ள உப்புக்கும், மெக்னீசியம் அளவு ஏழு உள்ளதற்கும் உரியவை. மாங்கனீசு சல்பேட்டில்தான் குழப்பம் அதிகம்: நான்கு நீர் உள்ளதானால் லிட்டர் ஊடகத்துக்கு 22.3 மி.கி., ஒரு நீர் உள்ளதானால் 16.9 மி.கி.

மூன்றாவது, நுண்ணூட்டம், 200 மடங்கு. 1 லிட்டருக்கு நான்கு நீர் மாங்கனீசு சல்பேட் 4.46 கிராம், துத்தநாக சல்பேட் 1.72, போரிக் அமிலம் 1.24, பொட்டாசியம் அயோடைடு 166 மி.கி., சோடியம் மாலிப்டேட் 50 மி.கி. காப்பர் சல்பேட்டும் கோபால்ட் குளோரைடும் தலா 5 மி.கி. மட்டுமே. இவ்வளவு சிறிய எடையைச் சாதாரணத் தராசில் நம்ப முடியாது. ஒவ்வொன்றிலும் 25 மி.கி. எடுத்துத் தனித்தனியே 100 மி.லி.யில் கரைத்து, அதிலிருந்து 20 மி.லி. சேர்த்தால் கணக்கு சரியாக வரும்.

நான்காவது இரும்பு. ஃபெரஸ் சல்பேட் 5.56 கிராம், டைசோடியம் இ.டி.டி.ஏ. 7.46 கிராம், இரண்டையும் தனித்தனியே சுடுநீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே ஒன்றாக்கி 1 லிட்டராக்குங்கள். இ.டி.டி.ஏ. பிடித்து வைத்திருப்பதால்தான் இரும்பு அடியில் தங்காமல் கரைசலிலேயே நிற்கிறது. வெளிச்சம் ஆகாது, பழுப்புப் புட்டி வேண்டும்.

ஐந்தாவது வைட்டமின். 500 மி.லி.க்கு கிளைசின் 200 மி.கி., நிக்கோடினிக் அமிலம் 50, பைரிடாக்சின் 50, தயாமின் 10. சிறு புட்டிகளாகப் பிரித்து உறைநிலையில் வையுங்கள். மற்ற நான்கும் குளிர்பெட்டியில் இருக்கட்டும். கலங்கினாலோ பூஞ்சை இழை தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள். வடிகட்டிப் பயன்படுத்த வேண்டாம்.

இனி 1 லிட்டர் ஊடகம். 600 மி.லி. நீரில் பேரூட்டம் 50 மி.லி., கால்சியம் 50 மி.லி., மற்ற மூன்றும் 5 மி.லி. வீதம் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். மையோ இனோசிட்டால் 100 மி.கி., சர்க்கரை 30 கிராம் சேருங்கள். வாழைக் குருத்து பெருக, வளர்ச்சி ஊக்கியான பி.ஏ.பி. 3 மி.கி. அளவில் தொடங்கலாம். அது நேரடியாக நீரில் எளிதில் கரையாது. முதலில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடில் கரையுங்கள்.

லிட்டரை எட்டும் தருவாயில் பி.எச். 5.8க்குக் கொண்டுவந்து, பிறகு நீர் நிரப்பி, அகார் 7 அல்லது 8 கிராம் போட்டுத் தெளியும்வரை சூடாக்குங்கள். அகாருக்கு முன்பே பி.எச். பார்த்துவிட வேண்டும். அமிலம் மிகுந்தால் ஊடகம் கெட்டியாகாமல் கூழாகவே நிற்கும்.

புட்டிக்கு 30 மி.லி. ஊற்றி மூடி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஆறியதும் நாலு நாள் சும்மா விட்டுப் பாருங்கள். கிருமி ஏறிய புட்டி அதற்குள் தெரிந்துவிடும், குருத்து வீணாகாது.

வேர் பிடிக்கும் கட்டத்தில் பேரூட்டத்தையும் கால்சியத்தையும் 25 மி.லி. வீதம் பாதியாக்கி, பி.ஏ.பி.யை நிறுத்தி, வேரூக்கியான ஐ.பி.ஏ. 1 மி.கி. சேர்த்துப் பாருங்கள்.