கைப்பேசியும் காரியக் கிரமமும்

இக்காலத்து மாணாக்கருள் கைப்பேசி இல்லாதாரைக் காண்டல் அரிது. அதனைப் பேசுதற்கும் பாட்டுக் கேட்டற்கும் படங் காண்டற்கும் வழங்குவோர் பலர்; தம் காரியங்களைக் கிரமப்படுத்துதற்கு வழங்குவோர் சிலர். அச்சிலருள்ளும், அதற்கென அமைந்த செயலிகளைப் பெற்று வைத்தும் பயன் காணாது கைவிட்டார் உளர். நாமும் ஒருகால் அவருள் ஒருவராய் இருந்தோம். பயன் கைகூடாமைக்குக் காரணம் யாது, கைகூடும் முறை யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

நமது பிழை

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பித்தார். அவருக்குரிய நற்சான்றுக் கடிதத்தை நாமே இணைய வழியாக வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டியிருந்தது. அவர் எதிரிலேயே கைப்பேசியை எடுத்து, ‘கடிதம்’ என்று குறித்துக்கொண்டோம். குறித்துவிட்டோம் என்ற நிம்மதியே நம்மை மறக்கச் செய்தது. கெடு நாள் கழிந்து, விண்ணப்பம் குறைபாடுடையதெனத் தள்ளப்பட்ட செய்தியோடு அவர் வந்து நின்றார். கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “பரவாயில்லை, ஐயா, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அவ்வாண்டு முழுதும் மாலைதோறும் ஒரு கடையில் கணக்கு எழுதித் தம் கட்டணத்தைச் செலுத்தினார்.

அவர் சென்றபின் நமது ஜாபிதாவைத் திறந்து பார்த்தோம். ‘கடிதம்’ என்னும் சொல் அங்கே பத்திரமாக இருந்தது. அதன் மேலும் கீழுமாக வேறு குறிப்புகள் 40 இருந்தன. கருவி தன் கடமையில் தவறவில்லை, நாமே தவறினோம். இவ்வாராய்ச்சியில் நாம் புகுந்தது அன்றுமுதலேயாம்.

பழைய கருவியும் புதிய கருவியும்

கையடக்கமான கருவி ஒன்றில் நாள்வேலையைக் குறித்து வைக்கும் வழக்கம் புதியதன்று. அமெரிக்க நாட்டுப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706-1790) தாம் பயில விரும்பிய 13 நற்குணங்களை ஒரு சிறு புத்தகத்தில் கட்டமிட்டு எழுதி, தவறிய நாள்தோறும் ஒரு புள்ளி இட்டு வந்தார். அழித்தழித்து எழுதியமையால் தாள் பொத்தலாகவே, தந்தத் தகடுகளாலாகிய குறிப்பேடு ஒன்றை அமைத்துக்கொண்டார். அதன் கோடுகள் சிவப்பு மையால் நிலையாக இடப்பட்டவை. பென்சிற் குறிகளையோ ஈரப் பஞ்சினால் துடைத்துவிடலாம். நம் கைப்பேசியின் கண்ணாடிப் பலகைக்கு அதனை மூதாதை எனலாம். அவர் தம் நாளின் மணிகளையும் பகுத்து அட்டவணை செய்தார். எனினும், அப்பதின்மூன்றனுள் தமக்கு மிகுந்த தொல்லை தந்தது ‘ஒழுங்கு’ என்பதே என்று தம் சுயசரிதையில் மனந்திறந்து ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிற்காலத்தில், 1994-இல் விற்பனைக்கு வந்த ‘ஐ.பி.எம். சைமன்’ என்னும் தொலைபேசி, நாட்காட்டியையும் குறிப்பேட்டையும் தன்னகத்தே கொண்டிருந்தது. 1996-இல் ‘பாம் பைலட்’ கருவிகள் வந்தன. 2008-இல் ஆப்பிள் நிறுவனம் செயலிக் கடையைத் திறந்தது. இன்று ‘டூடூயிஸ்ட்’, ‘மைக்ரோசாப்ட் டூ டூ’, ‘கூகிள் கீப்’ முதலிய செயலிகள் பல. தந்தத் தகட்டினின்று இவை வேறுபடுவது முக்கியமாக ஒன்றிலேயாம்: தகடு, நாம் பார்த்தாலன்றிப் பேசாது, செயலியோ, குறித்த காலத்தில் தானே நம்மை அழைக்க வல்லது. இவ்வாற்றலைப் பயன்படுத்தாதவன் கையில் கைப்பேசியும் தந்தத் தகடேயாகும். நாம் ‘கடிதம்’ என்று எழுதினோமேயன்றி, எந்நேரத்தில் நம்மை அழைக்கவேண்டும் என்பதைக் கருவிக்குச் சொல்லவில்லை.

மனத்தின் சுமை

முடியாத காரியம் மனத்தை அரிக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. 2011-ஆம் ஆண்டில் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இருவர் இதுபற்றிய சோதனைகளை வெளியிட்டனர். முடியாத காரியத்தை நினைவிற் கொண்டு ஒரு நூற்பகுதியைப் படிக்கப் புகுந்தோர், அந்நினைவு இடையிடையே குறுக்கிட்டமையால் படிப்பில் ஊன்றமாட்டாராயினர். அக்காரியத்தைச் செய்தற்குத் தெளிவான திட்டம் வகுத்துக்கொண்டோர்க்கோ அவ்விடையூறு நீங்கிற்று. காரியம் அப்போதும் முடிந்தபாடில்லை. திட்டம் ஒன்றே முடிந்திருந்தது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கன இரண்டு. மனத்திலுள்ளவற்றை ஓரிடத்தில் இறக்கிவைத்தல் நன்று என்பது ஒன்று. இறக்கிவைத்தல் மட்டும் போதாது, திட்டமும் வேண்டும் என்பது மற்றொன்று. திட்டமின்றிக் குறித்து வைத்தமையால் நாம் பெற்றது பொய்யான நிம்மதி. அதற்குரிய விலையை அம்மாணவர் கொடுத்தார்.

குறிப்பை வினையாக்கல்

இனி முறையைக் கூறுவோம்.

முதலாவது, எல்லாக் குறிப்பும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். சில கைப்பேசியிலும், சில நோட்டுப் புத்தகத்திலும், சில உள்ளங்கையிலும் எழுதுவோன் எதனையும் நம்பமாட்டான். செயலிகளுள் எது சிறந்தது என்று மாதந்தோறும் மாற்றிக்கொண்டிருப்பதும் வீண். எளியதொன்றைத் தெரிந்து அதிலே நிலைத்தல் நன்று.

இரண்டாவது, ஒவ்வொரு குறிப்பும் வினைச்சொல்லால் முடிதல் வேண்டும். ‘சரித்திரக் கட்டுரை’ என்பது பொருளின் பெயர். ‘நூலகத்தில் சரித்திரக் கட்டுரைக்குரிய இரண்டு நூல்களை எடுத்தல்’ என்பதே செய்யத்தக்க வினை. பெரிய காரியத்தை முழுதும் எழுதி அஞ்சுவதினும், அதன் முதற்படியை எழுதித் தொடங்குவது எளிது.

மூன்றாவது, காலமும் இடமும் குறித்தல் வேண்டும். ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் பீட்டர் கோல்விட்ஸர் 1999-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ‘இன்னது நேர்ந்தவுடன் இதனைச் செய்வேன்’ என்று முன்னரே உறுதிசெய்துகொள்வார், வெறுமனே ‘செய்வேன்’ என்பாரினும் அதனைச் செய்துமுடிப்பதில் மேம்படுகின்றனர் என்று எடுத்துக்காட்டினார். ஆதலின் ‘படிக்கவேண்டும்’ என்னாது, ‘இரவு உணவு முடிந்தவுடன், விடுதி வாசகசாலையில், இரசாயனம் மூன்றாம் பாடம்’ என்று குறிக்க.

நான்காவது, கெடு நாள் வேறு, செய்யும் நாள் வேறு என உணர்தல் வேண்டும். வெள்ளிக்கிழமை கெடுவாயின், செய்யும் நாள் புதனாக இருக்கட்டும். நினைவூட்டும் மணியும், அவ்வேலையைச் செய்ய இயலும் வேளையிலேயே ஒலிக்கவேண்டும். பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது ஒலிக்கும் மணியை ‘அப்புறம்’ என்று அடக்கிவிடுவோம். இரண்டொரு முறை அடக்கிப் பழகினால், பிறகு அம்மணி காதிலேயே விழாது.

கருவியின் மறுபக்கம்

ஜாபிதாவை வைத்திருக்கும் அதே கருவிதான் நம் கவனத்தைச் சிதறடிக்கும் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. வேலையைப் பார்ப்பதற்கென்று திறந்தவர், நண்பர் அனுப்பிய வேடிக்கைப் படத்தில் அரைமணி கழித்து, எதற்குத் திறந்தோம் என்பதையே மறப்பதுண்டு. 2017-இல் அமெரிக்க நாட்டு டெக்ஸஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் முதலியோர் நடத்திய சோதனையில், கைப்பேசியை மேஜைமேல் வைத்திருந்தோரினும், வேறோர் அறையில் விட்டு வந்தோர் ஞாபகமும் கவனமும் வேண்டிய பரீட்சைகளில் மேம்பட்டனர். பின்னர் நடந்த சோதனைகள் அனைத்தும் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லையாயினும், பரீட்சைக்காலத்தில் இதனைத் தாமே சோதித்துப் பார்த்தல் மாணாக்கர்க்கு எளிதன்றோ?

ஆதலின் காலையில் ஒருமுறை ஜாபிதாவைக் கண்டு, அன்றைக்குரிய மூன்று வேலைகளைத் தெரிந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கைப்பேசியை எட்ட வைத்துவிடுதல் சாலச் சிறந்தது. இன்றியமையாத மணிகளைத் தவிர ஏனைய அறிவிப்புகளை நிறுத்திவிடுக. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர், தாம் மாணவராயிருந்த 1980-களின் பிற்பகுதியில், தக்காளி வடிவினதாகிய சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து, 25 நிமிஷம் இடையறாது படித்தல், 5 நிமிஷம் ஓய்தல் என்னும் முறையை வகுத்தார். அதற்குச் செயலியும் வேண்டா. சாதாரணக் கடிகாரமே போதும்.

வாரத் தணிக்கை

கடைக்காரர் கணக்குப் பார்ப்பதுபோல, வாரம் ஒருமுறை ஜாபிதாவை முற்றும் பார்த்தல் வேண்டும். 2001-இல் இப்பொருள்பற்றி நூல் எழுதிய டேவிட் ஆலன் என்னும் அமெரிக்கர் இதனை மிகவும் வற்புறுத்துகிறார். முடிந்தவற்றை நீக்குக, செய்யப்போவதில்லை என்று தெரிந்தவற்றைத் துணிந்து அழித்துவிடுக, பிறருக்கு ஒப்புக்கொண்டு செய்ய இயலாதவற்றை அவரிடம் அன்றே சொல்லிவிடுக. காலத்தில் கூறும் ‘இயலாது’ என்னும் சொல் அவருக்கு வேறு வழி தேட அவகாசம் தருகிறது.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. பலரும் விரும்பிய ‘உண்டர்லிஸ்ட்’ என்னும் செயலியை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-இல் விலைக்கு வாங்கி, 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடிவிட்டது. செயலி பிறர் உடைமை. குறிப்பு நம் உடைமை. முக்கியமானவற்றிற்கு வேறொரு பிரதி வைத்திருத்தல் அறிவுடைமை.

முடிவுரை

காரியக் கிரமம் என்பது மிகுந்த வேலை செய்து பெருமை கொள்வதற்கான வித்தை என்று சிலர் கருதுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நம் வாக்கை நம்பியிருப்பவர் ஒருவர் எங்கேனும் இருக்கிறார். அவர் ஏமாறாதபடி செய்வதே அதன் பயன்.

அம்மாணவர் மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தார். இம்முறை, ‘புதன் காலை 9 மணி, மேஜையில் அமர்ந்து, நற்சான்றுக் கடிதம் எழுதி அனுப்புதல்’ என்று குறித்தோம். மணி ஒலித்தது, எழுதினோம், அனுப்பினோம். அனுப்பிய செய்தியை அவருக்கு அப்போதே தெரிவித்தோம். அவருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. முந்திய ஆண்டின் மாலைப்பொழுதுகளை அவருக்கு நாம் திருப்பித் தர இயலவில்லை. அதை மறவாதிருக்க, ‘கடிதம்’ என்னும் அப்பழைய குறிப்பை மட்டும் அழிக்காது வைத்திருக்கிறோம்.