அட்லாண்டிக் கடக்க எந்த விமானம், எந்த வகுப்பு?

நம் சங்க அன்பர்கள் பலருக்கு மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரன் பேத்தி பிறந்தால் நாமும் கிளம்பிவிடுகிறோம். டிக்கெட்டைப் பெரும்பாலும் பிள்ளைகளே அங்கிருந்து எடுத்து அனுப்புகிறார்கள். விலையை மட்டும் பார்த்து எடுத்தால் நம் கால்கள் வீங்குகின்றன. பாசத்தினால் முழுப் பயணத்துக்கும் பிஸினஸ் வகுப்பு எடுத்தால் அவர்கள் சேமிப்பு கரைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு உண்டு. ரயில்வேயில் தண்டவாளத்தை அளந்தே காலம் கழித்தவன் என்ற முறையிலும், என் மனைவியோடு மூன்று முறை நியூ ஜெர்சி போய் வந்தவன் என்ற முறையிலும் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நெடுந்தூரப் பயணம் புதிதல்ல. திப்பு சுல்தான் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயியிடம் அனுப்பிய தூதுக்குழு 1787-இல் புதுச்சேரியில் கப்பலேறி, 1788 ஜூன் மாதம்தான் தூலோன் துறைமுகத்தை அடைந்தது. அந்தத் திப்பு பிறந்த தேவனஹள்ளியின் அருகில்தான் 2008 முதல் பெங்களூர் விமான நிலையம் இயங்கி வருகிறது. இன்று அங்கிருந்து ஏறக்குறைய ஒரு நாளில் நியூயார்க் சேரலாம். ஆனால் அந்த ஒரு நாளையும் உட்கார்ந்தே கழிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இப்போதுள்ள வகுப்புகளுக்கு அட்லாண்டிக் மார்க்கம்தான் தாய்வீடு. 1952-இல் அங்கே டூரிஸ்ட் வகுப்பு வந்தது. 1958-இல் எகானமி வகுப்பு வந்தது. நம் ஏர் இந்தியா 1960-இல் போயிங் 707 விமானத்தில் நியூயார்க் சேவையைத் தொடங்கியது. வகுப்பின் பெயர் மாறுவதால் மட்டும் வசதி வந்துவிடாது. நம் ரயில்களில் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் போயிற்று, கூட்டமா போயிற்று? எனவே பெயரை விட்டுவிட்டு, மணியையும் அங்குலத்தையும் பார்ப்போம்.

1) முதலில் வழி: பெங்களூரிலிருந்து இரண்டு வகை வழிகள் உண்டு. பிராங்க்பர்ட், லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஐரோப்பிய நகரங்களில் மாறினால், பயணம் சுமார் 10 மணி, 8 மணி என இரண்டாகப் பிரிகிறது. துபாய், தோஹா போன்ற வளைகுடா நகரங்களில் மாறினால் சுமார் 4 மணி, 14 மணி என்று பிரிகிறது. மொத்த நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுவழியில் எழுந்து நடக்க வாய்ப்புத் தருவது ஐரோப்பிய வழிதான். என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் நாங்கள் அதையே தேர்ந்தெடுக்கிறோம். மாறும் ஊருக்கு டிரான்சிட் விசா தேவையா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே அந்தந்த நாட்டுத் தூதரக அறிவிப்பில் பார்த்துவிட வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

2) ஒரே டிக்கெட்: இரண்டு கட்டங்களையும் தனித்தனியே வாங்கினால் சில சமயம் மலிவாக இருக்கும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் கேட்பாரில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. நம் ரயில்வேயும் 2019 முதல் இணைப்பு ரயில்களின் இரு டிக்கெட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளும் வசதியைத் தருகிறது. முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். தத்துவம் ஒன்றே. மூத்தவர்கள் மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

3) ஓட்டுவது யார்: டிக்கெட்டில் ஒரு கம்பெனியின் பெயரும், ஓடுவது இன்னொரு கம்பெனியின் விமானமுமாக இருக்கலாம். லுஃப்தான்ஸா டிக்கெட்டில் அட்லாண்டிக் கட்டத்தை யுனைடெட் விமானம் கடக்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் டிக்கெட்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் வரலாம். இருக்கையும் சாப்பாடும் ஓட்டுபவருடையவை. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் பாருங்கள். சைவ உணவையும் இரண்டு கட்டங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

4) அங்குலக் கணக்கு: தண்டவாளத்தின் ஸ்லீப்பர் கட்டைகளை மையத்துக்கு மையம் அளப்பது போலவே, விமான இருக்கைகளின் இடைவெளியையும் ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த இருக்கையின் அதே புள்ளிக்கு அளக்கிறார்கள். முதுகுச் சாய்வின் கனமும் அதில் அடக்கம். எகானமியில் இது சுமார் 31 அங்குலம். பிரீமியம் எகானமியில் சுமார் 38 அங்குலம். பிஸினஸ் வகுப்பில் பெரும்பாலும் காலை நீட்டி முழுதாகப் படுக்கலாம்.

அகலமும் முக்கியம். போயிங் 777 விமானம் 1995-இல் வந்தபோது பெரும்பாலான கம்பெனிகள் ஒரு வரிசையில் 9 இருக்கைகள் வைத்தன. இன்று பலர் 10 வைக்கிறார்கள். விமானத்தின் உடல் அகலம் அதேதான். இருக்கைதான் சுமார் 17 அங்குலமாகச் சுருங்கியது. ஏர்பஸ் 330-இல் வரிசை இரண்டு, நான்கு, இரண்டு என்று அமையும். கணவனும் மனைவியும் ஓர் ஓரத்தில் தனியாக அமரலாம். காற்றழுத்தத்திலும் வேறுபாடு உண்டு. பழைய வகை விமானங்களில் உள்ளே 8000 அடி உயரத்துக்குரிய அழுத்தம் வரை குறையலாம். அது ஊட்டியை விட உயரம். போயிங் 787, ஏர்பஸ் 350 வகைகளில் அது சுமார் 6000 அடி. கொடைக்கானலை விடத் தாழ்வு. களைப்பு குறையும்.

5) எல்லாவற்றிலும் முக்கியமானது நடைபாதை ஓரத்து இருக்கை: உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 6000 பேரில் ஒருவருக்கு இது நேரலாம். விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும். 2012-இல் அமெரிக்க மார்பு நோய் மருத்துவர்கள் கல்லூரி சொன்னது இன்னும் கவனிக்கத்தக்கது: எகானமி வகுப்பில் அமர்வதே காரணம் என்பதற்குச் சான்றில்லை, ஜன்னலோரம் அமர்ந்து எழாமல் இருப்பதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது. அதாவது, பிஸினஸ் வகுப்பில் அசையாமல் கிடப்பவரை விட எகானமியில் மணிக்கொரு முறை எழுந்து நடப்பவர் பத்திரமானவர். முன்பு இரத்தக் கட்டி வந்தவர்களும், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

6) கடைசியில்தான் வகுப்பு: கையில் ஓரளவு பணம் இருந்தால், அதை இரவு விழும் கட்டத்தில் போடுங்கள். ஐரோப்பா செல்லும் விமானங்களில் பல பெங்களூரில் பின்னிரவில் புறப்படுகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து நான்கு மணி நேரம் காரில் உட்கார்ந்து, நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து, களைத்துப்போய் ஏறுகிறோம். அங்கே மேல்வகுப்பு பயன்படும். அதன்பின் அட்லாண்டிக்கைக் கடப்பது பகல் வெளிச்சத்தில். படுக்கைக்குப் பணம் கொடுத்துவிட்டுச் சினிமா பார்ப்போம். அங்கே எகானமியின் ஓரத்து இருக்கை போதும்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். நியூயார்க்கில் மாலையில் கிளம்பி, பின்காற்றின் தயவால் சுமார் 7 மணி நேரத்தில் ஐரோப்பாவில் விடிகிறது. இடையில் இரண்டு வேளை சாப்பாடு போக, தூங்கக் கிடைப்பது நான்கு மணிதான். ஆயினும் அன்று கிடைக்கும் ஒரே இரவு அதுதான். ஆகையால் அட்லாண்டிக் கட்டத்துக்குப் பிரீமியம் எகானமியாவது எடுக்கலாம். மதியம் ஐரோப்பாவில் கிளம்பி நள்ளிரவு பெங்களூர் சேரும் கட்டத்துக்கு எகானமி போதும். கட்டத்துக்கு ஒரு வகுப்பாகக் கலந்து டிக்கெட் எடுக்க முடியும்; ஏஜென்டிடம் கேட்டால் செய்து தருவார்.

ஒருவருக்கு மட்டும் மேல்வகுப்பு எடுக்கப் பணம் இருந்தால், தம்பதிகளைப் பிரிக்காதீர்கள் என்பது என் கருத்து. மாத்திரை நேரத்தை நினைவூட்டவும், எழுப்பி நடக்கவைக்கவும் பக்கத்தில் ஆள் இருப்பதே பெரிய வசதி. அடுத்த முறை பிள்ளைகள் தொலைபேசியில் "எந்த கிளாஸ் அப்பா?" என்று கேட்டால், "எந்த வழி, எந்த விமானம், ஓரத்து இருக்கை கிடைக்குமா, அதை முதலில் பார்" என்று சொல்லுங்கள்.